மேசை மாறிவிட்டது, பதிவறை எங்கே?

ஐப்பசி மழை இறங்குவதற்குள் மரக்காணம் உப்பளங்களில் வேலை அடங்கிவிடும். வாரிய உப்பைக் கரைமேல் அம்பாரமாகக் குவித்து, மழையில் கரையாதபடி கீற்றுப் போட்டு மூடுவார்கள். 2025-ல் அதே பருவத்தில், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பேசுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சாகத் தோன்றலாம். ஆனால், வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் நிவாரணம், கடன், பிள்ளைகளின் உதவித்தொகை என்று விண்ணப்பங்கள் குவியும். அந்த விண்ணப்பங்கள் போய்ச் சேரும் கடையில் இருப்பது அப்படியொரு பழைய கணினிதான்.

வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டியிருக்கிறது இடையஞ்சாவடி. ஊர்ப் பிள்ளைகள் ‘உதவி’ என்ற பள்ளியில் ஸ்கிராட்ச் மென்பொருளைக் கொண்டு நிரல் எழுதிப் பழகுகிறார்கள். பெரியவர்களுக்கோ இங்கும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மரக்காணம் வரை உள்ள ஊர்களிலும் சரி, கணினி என்றால் ஜெராக்ஸ் கடைக் கணினிதான்.

அந்தத் திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பின்னணியில் முருகனோ மாதாவோ இருப்பார்கள். முகம் தெரியாத அளவுக்கு அவர்கள்மீது ஐகான்கள் அப்பியிருக்கும். ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 7’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஸ்கேன் 0043’, ‘அக்கா பட்டா’. வெளியாள் கண்ணுக்குக் குப்பைமேடு. கடைக்காரருக்கு அது மனப்பாடமான தெரு. “போன வருஷம் எடுத்த வருமானச் சான்று இருக்காண்ணே?” என்று கேட்டால் அவர் பெயரைத் தேடுவதில்லை. வலது ஓரம், கீழிருந்து இரண்டாவது ஐகானுக்கு மவுஸ் தானாகப் போகிறது. இயங்குதளம் மாறும்போது முதலில் கலைவது இந்தக் கைப்பழக்கம்தான். கணினி வேகமாகத் திறக்கிறது, திரை பளபளக்கிறது, அக்கா பட்டாவை மட்டும் காணோம்.

பழகாதவரின் தடுமாற்றம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி, மென்பொருளைச் செய்தவர்கள் கொடுத்தது. மீதி, கணினியைக் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பு வைக்கும் முறையைச் சொல்லித்தராமல் விட்ட நம்முடையது.

கேட்காமல் மாறும் முகவரி

விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே வரச் சொல்கிறது. வந்ததும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகளை ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்போடு கோத்துவிடப் பார்க்கிறது. 2024-ல் இந்த இணைப்பு கேட்காமலேயே நடந்துவிடுவதாகப் பயனர்கள் குறைப்பட்டார்கள். கோத்த பிறகு டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பு பார்வைக்கு அதே இடத்தில்தான் இருக்கும். உண்மையில் அது குடியிருப்பது ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும் வேறொரு டெஸ்க்டாப்பில்.

இதனால் என்ன என்று கேட்கலாம். ஒன்டிரைவில் காசு கொடுக்காமல் கிடைப்பது 5 ஜிபி. நாள் முழுக்க ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் ஸ்கேன் செய்யும் கடைக்கு அது நிறைய நாள் தாங்காது. நிறைந்ததும் ‘இடமில்லை, கூடுதல் இடம் வாங்குங்கள்’ என்ற நச்சரிப்பு தொடங்கும். கோப்பின் பக்கத்தில் பச்சை டிக் இருந்தால் அது கணினியில் இருக்கிறது. நீல மேகம் இருந்தால் இணையத்தில் மட்டுமே இருக்கிறது. மழைக்கு இணையம் போன மாலையில், மேகம் போட்ட கோப்பு திறக்காது. ‘மேலே ஒரு பிரதி இருக்கிறதே’ என்று நம்பிக் கணினியில் அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்தே போகும். ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அப்படியொரு தொட்டி இருப்பது தெரிந்தவருக்குத்தான் அந்த 30 நாளும்.

வட்டு பழுதானாலும் கோப்பு பிழைக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் உண்மையான நன்மை. உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் கணினியின் ஆயுள் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, குறை இணையச் சேமிப்பின் மீது அல்ல. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பீரோவை வேறு வீட்டுக்கு மாற்றுவதன் மீது.

கேட்காமல் மாற்றுவது புதிதும் அல்ல. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, ‘மை கம்ப்யூட்டர்’ என்ற ஐகானையும் எக்ஸ்புளோரரையும் பழக்கியது. விண்டோஸ் விஸ்டா வந்தபோது ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறை ‘யூசர்ஸ்’ ஆனது. 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் மெனுவையே தூக்கியது. அடுத்த ஆண்டு 8.1-ல் ‘மை கம்ப்யூட்டர்’ பரம்பரைப் பெயர் போய் ‘திஸ் பிசி’ வந்தது. விண்டோஸ் 10-ல் எக்ஸ்புளோரரைத் திறந்தால் ‘குயிக் ஆக்சஸ்’. 11-ல் அந்த இடத்தில் ‘ஹோம்’. வீடு அதேதான், கதவிலக்கம் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது.

மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. வெட்டு, நகலெடு, பெயர் மாற்று, அழி என்று எழுத்தில் இருந்தவற்றை விண்டோஸ் 11 சின்னச் சின்னப் படங்களாக்கி மேல் வரிசையில் ஒட்டியது. பழைய முழுப் பட்டியல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கத்தரிக்கோல் எது, குப்பைத்தொட்டி எது என்று உற்றுப் பார்த்தே பலருக்குக் கண் பூத்தது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே எழுத்து திரும்ப வந்தது. தடுமாறியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சில சமயம் விளையாட்டு வினையாகும். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு, சிலருடைய கணினியில் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் இருந்தவற்றையே அழித்தது. நான்கே நாளில் விநியோகத்தை நிறுத்திய மைக்ரோசாஃப்ட், பிழையைச் சரிசெய்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. மாட்டிக்கொண்டவர்களில் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை டி டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்தவர்கள் இருந்தார்கள். பழைய இடத்தில் இருப்பது வெற்று நகல் என்று எண்ணிய மென்பொருள் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்றது நிறுவனம். அந்த ஒருவருக்குப் போனது முழுதாகப் போனது.

கணினி பக்கமே போகாதவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஆண்ட்ராய்டு 11-ஐ ஒட்டி, கைபேசியில் வாட்ஸ்அப் தன் கோப்புறையை வெளித்திண்ணையிலிருந்து ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் இன்னொன்று என்று மூன்றாம் கட்டுக்குக் கொண்டுபோனது. செயலிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பது காரணம், நல்ல காரணமும்கூட. ஆனால் படத்தை மெமரி கார்டில் ஏற்றித் தரச் சொல்லி வந்தவரிடம், பழைய இடத்தில் ஒன்றுமே இல்லையே என்று கடைக்காரர் கையை விரிக்க வேண்டியிருந்தது.

தமிழுக்கு மட்டும் கூடுதல் தண்டனை

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கோப்பு கிடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு அங்கே இரண்டாம் பாதி தொடங்குகிறது.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்து வைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் திரையில் வருவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்து, பின்னால் ஓர் அரைப்புள்ளி. கோப்புக்குள் எப்போதுமே இருந்தது அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டியிருந்தது எழுத்துரு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பாமினி எப்படியோ, அப்படித் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தன் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு தட்டச்சு செய்த மனுக்களும் தீர்மானங்களும் ஊர் வரலாறுகளும் பழைய வட்டுகளில் அப்படியே கிடக்கின்றன. கணினி மாற்றும்போது கோப்பை மட்டும் நகலெடுத்து, எழுத்துருவை நகலெடுக்காமல் விட்டால் பெட்டியைக் கொண்டுவந்து சாவியை மறந்த கதை.

யூனிகோடில் அடித்தவர்களுக்கும் ஒரு சின்ன இடறல் உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த ‘லதா’ எழுத்துரு, விண்டோஸ் 10-லிருந்து விருப்பத்தின் பேரில் தரவிறக்கிக்கொள்ளும் கூடுதல் எழுத்துருக்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அதன் இடத்தில் ‘நிர்மலா’ அமர்ந்திருக்கிறது. லதாவில் மூன்று பக்கத்துக்குக் கச்சிதமாக அடித்த விண்ணப்பம், அது இல்லாத கணினியில் வேறு எழுத்துருவுக்கு மாறி வரி மடங்கி நான்காம் பக்கத்தில் கையெழுத்தை மட்டும் தள்ளிவிடலாம்.

விண்டோஸ் வேண்டாம் என்று லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போனால் அங்கே கணக்கு வேறு. பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து அலகாகி 15 பைட்டை எடுத்துக்கொள்கிறது. ஆக, 85 அலகுக்கு மேல் தமிழில் பெயர் வைக்க முடியாது. விண்டோஸில் தலைப்பு முழுவதையும் பெயராக வைத்துப் பழகிய கோப்பு, லினக்ஸ் வட்டுக்கு நகலாகாமல் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

தாலுகா ஆபீஸ் சொல்லித்தந்தது

கோப்பு வைப்பதில் இந்த மண்ணுக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வருவாய்த் துறை அலுவலகங்களில் காகிதக் கோப்பு எப்படி நகர வேண்டும் என்பதற்கு ஆங்கிலேயர் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரி வகுத்த முறை இருக்கிறது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் அதைக் கொண்டு எழுந்ததுதான். வரும் தபாலுக்கு ந.க. எண். அது எந்த எழுத்தரிடம் போனது, என்ன ஆனது என்று அவருடைய தன்பதிவேட்டில் வரி. முடிந்ததும் அதன் ஆயுளையும் அங்கேயே குறித்துவிடுவார்கள்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். பிறகு அது மேசையில் இருக்காது, பதிவறைக்குப் போய்விடும். தாமதத்துக்கும் இழுத்தடிப்புக்கும் பேர்போன அலுவலகம்தான். ஆனாலும் ‘அந்தக் கோப்பு எங்கே?’ என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை எழுதப்பட்டிருக்கும்.

முறையையே மாற்றும்போது என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அதுவரை கர்ணம் வீட்டோடு பிணைந்திருந்த ஊர்க் கணக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் போனது. அடங்கலும் சிட்டாவும் பழைய ஆளின் நினைவில் இல்லாமல், புதிய ஆள் புரட்டிப் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருந்ததால்தான் மாற்றம் சாத்தியமாயிற்று.

கணினியில் நாம் இதைச் செய்யவில்லை. டெஸ்க்டாப் என்றால் மேசை மேற்பரப்பு. இன்றைய வேலைக்கு எடுத்து வைக்கும் இடம். அதையே பதிவறையாக்கி, பத்து வருட மகசூலையும் அங்கேயே குவித்தோம். எண் இல்லை, தன்பதிவேடு இல்லை, ஆயுள் இல்லை. இயங்குதளம் மாறியதும் மேசையைத் துடைத்துவிட்டார்கள் என்று அலறுகிறோம்.

தேடினால் கிடைக்காதா?

கோப்புறையெல்லாம் பழங்கதை, பெயரை அடித்தால் கணினியே தேடித் தந்துவிடும் என்பது எதிர்வாதம். இளையவர்கள் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். 2021-ல் ‘தி வெர்ஜ்’ இதழில் வந்த கட்டுரை, கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற கேள்வியே புரியாத மாணவர்களை அமெரிக்கப் பேராசிரியர்கள் வகுப்பில் சந்திப்பதைப் பதிவுசெய்தது. அவர்களுக்குக் கணினி ஒரு துணிக்கூடை. வேண்டியதைக் கைவிட்டு எடுக்கலாம்.

கூடை, தேடுகிறவருக்குப் பெயர் தெரியும்வரை உதவும். ‘ஸ்கேன் 0043’ என்ற படத்துக்குள் இருக்கும் பட்டா எண்ணைச் சாதாரணத் தேடல் எட்டாது. ஒரே பெயரை ஒருவர் தமிழில் அடிப்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் அடிப்பார், மூன்றாமவர் ஆங்கிலத்திலேயே வேறு எழுத்துக்கூட்டி அடிப்பார். பாமினியில் கிடக்கும் ‘தமிழ்’, யூனிகோடில் தேடுகிறவருக்கு ஒருநாளும் அகப்படாது. தேடல் பொறி வலுக்க வலுக்க இவற்றில் சில தீரும். அதுவரை, கோப்பின் இருப்பிடத்தைச் சொல்லத் தெரிவது அடிப்படைக் கல்விதான்.

அந்தக் கல்வியைக் கொடுக்க வாய்ப்பு இல்லாமலும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன. இரண்டு இயங்குதளம் என்றால் இரண்டு கோப்பு முறை: ஒன்றில் சி டிரைவ், டி டிரைவ், மற்றதில் டிரைவ் என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். இதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் போதும், எத்தனையோ கணினிகளில் லினக்ஸ் தொடப்படாமலே கிடந்திருக்காது. பக்கத்துக் கேரளம் வேறு வழியில் போனது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தபோதே ஆசிரியர் பயிற்சியையும் பாடநூலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. இன்று அம்மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே இயங்குதளப் பதிப்புகளை வெளியிடுகிறது. பதிப்பு மாறும்போது பயிற்சியும் மாறுகிறது.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகச் சொன்னது. கருவிக்கு ஒதுக்கிய பணத்தோடு ஒப்பிட்டால், கருவி தரும் அன்று கல்லூரியிலேயே அரைநாள் பயிற்சி வைக்க ஆகும் செலவு சில்லறை. அந்த அரைநாளில் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. கோப்பு கணினியில் இருக்கிறதா, இணையத்தில் இருக்கிறதா என்று அடையாளம் காண்பது. ஆண்டு, பொருள், பெயர் என்ற வரிசையில் பெயரிடுவது. சி டிரைவுக்கு வெளியே சொந்தமாக ஒரு கோப்புறை திறப்பது. எழுத்துருவையும் சேர்த்து நகலெடுப்பது. விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் கோப்பு நீட்சியைக் காட்டச் சொல்வது. 2000 மே மாதம் உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், சாதாரணக் கடிதம் போல வேடமிட முடிந்தது அந்த நீட்சி கண்ணில் படாததால்தான்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் இதே பயிற்சி வேண்டும். ஊரில் பாதிப் பேரின் சான்றிதழ் நகல் அவர் கணினியில்தான் கிடக்கிறது. வேலை முடிந்த ஆதார் நகலை அழிப்பதும் கோப்பு மேலாண்மைதான். டாட்டன்ஹாம் முறையின் ஓராண்டுக் கோப்பைப் போல, அதற்கும் ஆயுள் உண்டு. ஒன்டிரைவ் இணைந்திருப்பது தெரியாத கடையிலிருந்து அந்த நகல்கள் இணையத்துக்கும் போய்க்கொண்டிருக்கும் என்பதைக் கடைக்காரரும் அறிய வேண்டும், கொடுத்தவரும் அறிய வேண்டும்.

மைக்ரோசாஃப்டிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. கோப்பின் இருப்பிடத்தை மாற்றும் எந்தப் புதுப்பிப்பும், மாற்றும் முன் பயனரின் மொழியில், முழுத் திரையில் கேட்கட்டும். ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் ‘சரி’யின் அளவிலேயே இருக்கட்டும்.

விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தந்த மடிக்கணினிகளுக்கு அந்தத் தகுதி கிடையாது. மாற முடியாதவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் திறந்திருக்கிறது. அதைக் காசில்லாமல் பெறும் வழிகளில் ஒன்று, கணினியின் அமைப்புகளை ஒன்டிரைவில் சேமிக்கச் சம்மதிப்பது. சுற்றிச் சுற்றி அதே வாசல்.

அந்த அக்டோபரிலும் மரக்காணத்தில் அம்பாரங்களுக்குக் கீற்று ஏறும். மாறத் தீர்மானிக்கும் கடைக்காரர் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, திரையில் இருப்பதையெல்லாம் வெளி வட்டில் நகலெடுத்து, ‘நியூ ஃபோல்டர்’களுக்குப் பெயர் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். மாறிய பிறகு, பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தரும் அவகாசம் பத்து நாள். அந்தப் பத்து நாளைக்குள் அக்கா பட்டாவைக் கேட்டு யாராவது வந்துவிட்டால் நல்லது.